கழித்துப் போட்ட கணிப்பொறி

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

நம் இயற்பியல் ஆய்வகத்துக்கும் மாடிப்படிக்கும் இடையே ஓர் அறை உண்டு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதற்காக அதன் வாசலில் கால்கடுக்க நிற்காத மாணவர் இத்துறையில் இல்லை. கதவில் பெரிய பூட்டு தொங்குகிறது. ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தால் கணிப்பொறிப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடப்பது தெரியும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சுண்ணக்கட்டியால் ‘கழிவு’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த அறையைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அதற்கு முன் என் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘இயற்பியல் படிக்கும் பையனுக்கு ஏன் இந்த வேலை?’ என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். ஏற்கெனவே சிலர் கேட்டும் விட்டார்கள்.

என் தாய்மாமா காயலான் கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் கணக்கெழுதும் வேலைக்காக என்னை அங்கே உட்கார வைத்தார்கள். ஒரு நாள், மூடப்பட்ட ஓர் ஆலையின் அலுவலகச் சாமான்கள் லாரியில் வந்து இறங்கின. மேஜை, நாற்காலி, மின்விசிறி ஆகியவற்றுக்கு நடுவே, இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய எடையில் இரும்புப் பெட்டி ஒன்றும் இருந்தது. அது அந்த ஆலையின் கணக்குகளை எல்லாம் தாங்கிய சர்வர். கடைப் பையன் சுத்தியலை எடுத்துவிட்டான். செம்பு வேறு, அலுமினியம் வேறு, பச்சைப் பலகை வேறு என்று பிரித்துவிட்டால் அதன் வாழ்வு முடிந்தது.

“மாமா, இதை நான் எடுத்துக்கட்டுமா?” என்றேன்.

“எடை போட்டு எடுத்துக்க மாப்ளே. சொந்தம் வேற, யாவாரம் வேற” என்றார். போட்டார். நானூற்று எண்பது ரூபாய் ஆயிற்று.

பெட்டியைத் திறந்தவுடன் என் கண்ணில் பட்டவை, அருகருகே இருந்த இரண்டு விசிறிகள். விசிறியைக் கழற்றி, சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினேன். உலோக மூடியின்மேல் 1400, 512, 133 ஆகிய எண்கள் தெரிந்தன. பென்டியம் 3-எஸ், 1.4 கிகாஹெர்ட்ஸ், 512 கிலோபைட் உள்நினைவு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு! பென்டியம் 3 வரிசையில் இதைவிட வேகமான பிராசஸர் கடைக்கு வந்ததில்லை. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த இது, சர்வர்களுக்கென்றே செய்யப்பட்டது. விலையோ சாதாரண மனிதர் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் இருந்தது. அன்று அலுவலக மேலாளருக்கும் கிட்டாத பொருள், இன்று எனக்கு எடைக்குக் கிடைத்தது. இதைக் கொண்டு ஒரு விளையாட்டுக் கணிப்பொறி கட்டுவது என்று அன்று இரவே முடிவு செய்துவிட்டேன்.

‘விளையாட்டா?’ என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு கணிப்பொறியை முழுமையாகக் கசக்கிப் பிழிவதில் விளையாட்டுக்கு இணையில்லை. கடிதம் தட்டச்சு செய்தால் அது தூங்கிக்கொண்டே வேலை பார்க்கும். விளையாடும்போதுதான் பிராசஸர், நினைவகம், படம் வரையும் அட்டை, மின்வழங்கி ஆகிய நான்கும் ஒருசேரத் தம் பலத்தையும் பலவீனத்தையும் காட்டும். பரிசோதனைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. (விளையாட்டில் ஆசையும் இருந்தது என்பதை மறைப்பானேன்?)

பலகையை மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது முதல் இடி விழுந்தது. அதில் ஏ.ஜி.பி இல்லை! அக்காலக் கணிப்பொறிகளில் படம் வரையும் அட்டையைச் செருகுவதற்கென்றே தனியாக இருந்த வாய் அது. ஏ.ஜி.பி நான்கு மடங்கு வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1066 மெகாபைட் செல்லும். சாதாரண பி.சி.ஐ வாயிலோ 133 மெகாபைட்தான், அதையும் மற்ற அட்டைகளோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சர்வர் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கணக்கைக் காக்கும் பொறிக்குப் படம் எதற்கு? அது மூலையில் இருட்டில் நின்று வேலை பார்க்கும், அதற்கு முகமே வேண்டியதில்லை. ஆகவே பி.சி.ஐ வாயில் பொருந்தக்கூடிய ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 ஒன்றைத் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவைப் பார்க்காத அறிவியல் மாணவன் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே மேசைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இதைக் கேட்டு யாரும் வந்து வருஷக்கணக்காச்சு தம்பி” என்றார்.

இரண்டாவது இடையூறு மின்தேக்கிகள். இரண்டு பிராசஸர்களுக்கும் அருகில் வரிசையாக நிற்கும் அவற்றில் ஆறு, உச்சி புடைத்து, பழுப்பு நீர் கசிந்து நின்றன. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உற்பத்தியான பல பலகைகளுக்கு இந்த நோய் உண்டு. உள்ளேயிருக்கும் மின்பகு திரவத்தின் குறையால் வாயு உண்டாகி, தேக்கி வீங்கி, இறுதியில் வெடிக்கும். உலகெங்கும் எண்ணற்ற கணிப்பொறிகள் இதனாலேயே குப்பைக்குப் போயின. நம்மூர் ரேடியோ கடையில் அதே கொள்ளளவு, அதே மின்னழுத்தம் உள்ள தேக்கிகளை வாங்கி வந்து, ‘முடிந்தது வேலை’ என்றேன். என் வகுப்புத் தோழி ஒருத்திதான் தடுத்தாள். “இரண்டாம் ஆண்டு மாறுமின்னோட்டப் பாடத்தை மறந்துட்டியா? தேக்கிக்குள்ளேயும் மின்தடை இருக்குமே” என்றாள். உண்மை. நொடிக்கு இலட்சக்கணக்கான முறை திறந்து மூடும் மின்சுற்றில், உள்தடை மிகுந்த தேக்கி சூடேறியே செத்துவிடும். உள்தடை குறைந்த வகையைத்தான் போட வேண்டும். புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்து, ஐந்து மதிப்பெண் வாங்கி, மறந்துபோன பாடம் அது. சால்டரிங் செய்தவளும் அவளே. என் கை நடுங்கும், அவள் கை நடுங்காது. வீட்டில் அவள் ஒரு கணிப்பொறியைக்கூடத் திறந்ததில்லை. திறக்க அவளுக்குக் கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது இடையூறு எங்களை இரண்டு வாரம் அலைக்கழித்தது. ஒரு பிராசஸரை மட்டும் செருகினால் பொறி உயிர்பெறுகிறது. இரண்டையும் செருகினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. பிராசஸர் பழுதோ என்று மாற்றி மாற்றிச் செருகினோம். தனித்தனியே இரண்டும் நலம். இரண்டாம் வாயில் பழுதோ என்று பார்த்தோம். அதுவும் இல்லை. மாமியாரும் மருமகளும்போல, தனித்தனியே இருந்தால் குணவதிகள், ஒரே வீட்டில் இருந்தால் இருட்டு! கடைசியில், ஆய்வகத்து மல்ட்டிமீட்டரைப் பிடித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. புதிதாக வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்-ஸில் 5 வோல்ட் தடம், இரண்டாவது பிராசஸர் சேர்ந்தவுடன் சரிந்து விழுந்தது. இன்றைய கணிப்பொறிகள் பிராசஸருக்கு வேண்டிய மின்சாரத்தை 12 வோல்ட்டிலிருந்து எடுக்கின்றன. ஆகவே இன்றைய எஸ்.எம்.பி.எஸ்-களில் 12 வோல்ட் வலுவாகவும் 5 வோல்ட் நோஞ்சானாகவும் இருக்கும். பென்டியம் 3 காலத்துப் பலகையோ 5 வோல்ட்டிலிருந்து உறிஞ்சுகிறது. பெட்டியின்மேல் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பினேன். எந்தத் தடத்தில் எத்தனை ஆம்பியர் என்ற சின்ன அட்டவணையைப் படிக்கவில்லை. மாமா கடையிலேயே கிடந்த பழைய எஸ்.எம்.பி.எஸ் ஒன்றின் தூசியைத் தட்டி மாட்டியதும், இரண்டும் எழுந்தன.

அதன்பின் மென்பொருள். அக்கால விளையாட்டுகளுக்கு ஏற்றது என்று விண்டோஸ் 98-ஐப் போட்டேன். அதற்கு 512 மெகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கண்டாலே தலைசுற்றும் என்பதால், இருந்த 1 கிகாபைட்டில் பாதியைக் கழற்ற வேண்டியிருந்தது. அதைவிடக் கொடுமை, விண்டோஸ் 95, 98, எம்.இ ஆகிய மூன்றுக்கும் இரண்டாவது பிராசஸர் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. எத்தனை பாடுபட்டுச் செருகினாலும் அது சும்மா உட்கார்ந்து சூடாகிக்கொண்டிருக்கும். விண்டோஸ் என்.டி வழியில் வந்த விண்டோஸ் 2000-க்குத்தான் இரண்டையும் ஆளத் தெரியும். அதைப் போட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரைபடக் கட்டங்களைப் பார்த்த அந்த இரவில், என் தந்தையாரை எழுப்பிக் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். “ரெண்டு கட்டம் இருக்கு. சரி, தூங்கு” என்றார்.

இனிதான் உண்மையான கேள்வி வருகிறது. இரண்டு பிராசஸர் இருந்தால் இரு மடங்கு வேகம் வருமா?

கணினி அறிவியல் துறைப் பேராசிரியர் ஒருவர், தாம் மாணவராயிருந்தபோது வாங்கிய குவேக் 3 அரீனா குறுந்தகட்டைப் பத்திரமாக வைத்திருந்து எனக்குத் தந்தார். 1999 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. ஜான் கார்மக் என்ற மேதை அதன் மையப் பொறியை எழுதும்போது, இரண்டு பிராசஸர் வைத்திருக்கும் விரல்விட்டு எண்ணத்தக்க மனிதர்களையும் நினைவில் வைத்து, படம் வரையும் வேலையின் ஒரு பகுதியை இரண்டாவது பிராசஸருக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியைச் சேர்த்திருந்தார். அக்கால விளையாட்டுகளில் பெரும்பாலானவை இதைக் கனவிலும் நினைக்கவில்லை. 1999-இல் அபிட் நிறுவனம் பி.பி.6 என்ற பலகையை வெளியிட்டு, விலை மலிந்த செலரான் பிராசஸர்கள் இரண்டைப் பொருத்தலாம் என்று காட்டியபோது ஆர்வலர்கள் ஆரவாரம் செய்தார்கள். அதன்பின் வந்த செலரான்களில் இன்டெல் அந்த வசதியையே அடைத்துவிட்டது. ஏழைக்கு எதற்கு இரண்டு மூளை என்று எண்ணினார்கள் போலும்!

பொறியின் வேகத்தைத் தானே அளந்து சொல்லும் வசதி குவேக்கில் உண்டு. முதலில் பெரிய படத்தில் வைத்து அளந்தேன். ஒரு பிராசஸருக்கும் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை! மனம் உடைந்துவிட்டது. பிறகு யோசித்தேன். படம் பெரிதாக இருக்கும்போது முட்டுக்கட்டையாக நிற்பது என் ஏழைப் படஅட்டைதான். அதற்குப் பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றால் என்ன? படத்தை 640-க்கு 480 என்று சுருக்கி, அட்டையின் பாரத்தைக் குறைத்து மறுபடி அளந்தேன். இப்போது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இரு மடங்கு? இல்லை, அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைக் கல்யாணப் பந்தியைக் கொண்டு விளக்குகிறேன். சாம்பார் பரிமாற ஒருவருக்கு இருவரை நிறுத்துகிறோம். ஆனால் வாளி ஒன்றுதான் இருக்கிறது. ஒருவர் ஊற்றும்போது மற்றவர் கரண்டியோடு நிற்க வேண்டியதே. பென்டியம் 3-இல் இரண்டு பிராசஸர்களும் நினைவகத்தை அடைய 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே பாதையைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. இது ஒன்று. மற்றொன்று, வாளி இரண்டு இருந்தாலும், இலை போட்டு முடியும்வரை இருவருமே காத்திருக்க வேண்டும். 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்க அறிஞர் இதைக் கணக்காகவே சொன்னார். ஒரு மணி நேர வேலையில் பாதியைத்தான் இருவர் பகிர்ந்து செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். பகிர முடியாத பாதிக்கு 30 நிமிடம், பகிர்ந்த பாதிக்கு 15 நிமிடம், ஆக 45 நிமிடம். ஆளை இரட்டிப்பாக்கினோம், வேகமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆயிரம் பேரை நிறுத்தினாலும் அந்த முப்பது நிமிடத்தை அசைக்க முடியாது.

இது பழங்கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2004-இல் பென்டியம் 4 பிராசஸர் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் வருகிறது என்று அறிவித்த இன்டெல், அதே ஆண்டில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வெப்பம் தாங்கவில்லை. மறு ஆண்டே, 2005-இல், ஒரே சில்லுக்குள் இரண்டு பிராசஸர்களை வைத்து இன்டெலும் ஏ.எம்.டியும் விற்கத் தொடங்கின. ஆலைக்காரனின் சர்வருக்குள் மட்டும் இருந்த ஏற்பாடு, இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் தொலைபேசியில் எட்டு மூளையாக உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரன் ‘எட்டு கோர்’ என்று சொன்னால் எட்டு மடங்கு என்று நினைத்துக் காசு கொடுக்கிறோம். என் பழைய சர்வர் எனக்குக் கொடுத்த கல்வியில் இதுவும் ஒன்று.

எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காசு மிச்சமாகும் என்று எவரேனும் இதில் இறங்கினால் ஏமாந்து போவார்கள். படஅட்டை, தேக்கிகள், முதலில் வாங்கி வீணான எஸ்.எம்.பி.எஸ், சென்னை போய்வந்த செலவு எல்லாம் சேர்ந்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால், இதைப் பல மடங்கு விஞ்சும் பழைய அலுவலகக் கணிப்பொறியே கிடைத்திருக்கும். என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசு மடிக்கணினிகூட இதைவிட வேகமானது. மின்சாரமும் தின்கிறது. பிராசஸர் ஒவ்வொன்றும் 30 வாட்டுக்குச் சற்று மேல். பழைய சர்வர் விசிறிகள் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆயா, “ஏண்டா, மாவு மில்லு வச்சிருக்கியா?” என்று கேட்டார். செமஸ்டர் கட்டணத்துக்குச் சேர்த்த பணத்தில் கைவைத்துவிட்டு, பிறகு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கடையில் நின்று அதை அடைத்தேன். அந்த விஷயத்தில் என் தந்தையார் கோபித்தது முற்றிலும் நியாயம்.

ஆனால் நான் வாதாடுவது காசைப் பற்றியன்று. நாம் மூன்று ஆண்டு படிக்கிறோம். நம்மில் எத்தனை பேர் ஒரு கணிப்பொறியைத் திறந்து பார்த்திருக்கிறோம்? ஆய்வகத்தில் இருப்பவை புதியவை. தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று முத்திரை ஒட்டியிருக்கிறது. பணம் படைத்தவன் வீட்டிலேயே ஒன்றை உடைத்துக் கற்றுக்கொள்கிறான். நம்மைப் போன்றவர்களுக்கு உடைத்தாலும் கேட்க ஆளில்லாத பொருள் ஒன்று வேண்டும். அது அந்தப் பூட்டிய அறைக்குள் கிடக்கிறது.

சென்ற பருவத்தில் அனுமதி கேட்டுப் போனேன். “அது அரசுச் சொத்து தம்பி. ஒரு திருகாணி குறைந்தாலும் தணிக்கையில் நான் பதில் சொல்ல வேண்டும்” என்றார் பொறுப்பிலிருப்பவர். அவர் சொன்னதில் தவறில்லை. கழிவு செய்த பொருளைப் பட்டியலிட்டு, ஒப்புதல் வாங்கி, ஏலம் விட வேண்டும் என்பது விதி. விதியை மீறச் சொல்ல நான் வரவில்லை. ஏலத்தில் அப்பெட்டிகளை வாங்குபவர் என்ன செய்வார் என்பதை மட்டும் நான் நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காயலான் கடைகளின் பின்புறத்தில், என் தம்பி வயதுப் பையன்கள் செம்புக்காகக் கம்பிகளை எரிக்கும் கரும்புகையை நான் சுவாசித்திருக்கிறேன். என் மாமா அதைச் செய்வதில்லை. அக்கம்பக்கத்தில் செய்கிறார்கள். மின்னணுக் கழிவைப் பதிவுபெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பழுது நீக்கிப் புதுப்பிப்பவர்களுக்கும் அவ்விதிகளில் இடம் உண்டு.

ஆகவே முதல்வர் அவர்களுக்கும் துறைத்தலைவர் அவர்களுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று. ஏலத்துக்கு ஒப்புதல் வரும்வரை அப்பெட்டிகள் எப்படியும் மாதக்கணக்கில் தூங்கத்தான் போகின்றன. அந்த இடைக்காலத்தில், வாரம் ஒரு மாலை, ஓர் ஆசிரியர் முன்னிலையில் அறையைத் திறந்துவிடுங்கள். பத்துப் பேர் பத்துப் பெட்டியைப் பிரித்து, பார்த்து, இரண்டு உயிரற்றதிலிருந்து ஓர் உயிருள்ளதை ஆக்கிப் பார்க்கிறோம். வெளியே ஒரு திருகாணியும் போகாது. மாமா கடைத் தராசைக் கொண்டு வருகிறேன். முதல் நாள் எடை போட்டு எடுத்துக்கொண்டு, கடைசி நாள் அதே எடைக்குத் திருப்பி வைக்கிறோம். தூசியின் எடை குறைந்தால் மட்டும் எங்களைக் கேட்கக் கூடாது.

என் தோழி சால்டரிங் கருவியோடு தயாராக இருக்கிறாள். அறைச் சாவி அலுவலகத்தில், ஜன்னலோரத்து ஆணியில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். உரிய கையெழுத்தோடு வந்தால் நாளைக்கே தொடங்கலாம்.